குடும்பத் தலைவர் (பொறுப்பு)

கணவன் இறந்த ஒன்பதாம் நாள், அவன் வகித்துவந்த பதவி காலியாகிவிட்டதென்று நாற்றுக்காரிக்கு வாரியத்திலிருந்து கடிதம் வந்தது.

அவன் பதவி எதுவும் வகித்ததாக அவளுக்கு நினைவில்லை. வெங்காய நாற்றங்காலுக்கு மருந்தடிக்க டப்பாவை முதுகில் மாட்டிக்கொண்டு போனவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தான். முதுகில் டப்பா இருந்ததால் சாயவும் முடியவில்லை. உட்கார்ந்தபடியே போய்விட்டான். தூரத்திலிருந்து பார்த்தவர்கள், பாவம் களைப்பாறுகிறான் என்று ஒரு மணி நேரம் அவனைத் தொந்தரவு செய்யவில்லை.

கடிதத்தை மகள்தான் படித்துக் காட்டினாள். பதினாறு வயது, யாருக்கும் பயப்படாத வாய்.

"குடும்ப வேளாண்மை மற்றும் ஊரக வகுப்பு நிர்ணய வாரியம். பொருள்: குடும்பத் தலைவர் பணியிடம் காலியானது குறித்து. இந்தப் பணியிடம் முறைப்படி நிரப்பப்படும்வரை உங்க பண்ணைக்கான கால்வாய் முறைத் தண்ணி நிறுத்தி வைக்கப்படுகிறது. மறைந்தவருக்கு வாரியத்தின் ஆழ்ந்த இரங்கல். இரங்கலுக்குக் கீழே சீல் வெச்சிருக்காங்கம்மா."

நாற்றுக்காரிக்கு இரங்கல் காதில் விழவில்லை. தண்ணீர் விழுந்தது.

அவர்களுக்கு ஒன்றரை ஏக்கர். கால்வாய்த் தண்ணீர் வாரம் ஒரு முறை, வியாழக்கிழமை. ஊரில் யார் வெங்காயம் போட்டாலும் நாற்று எப்போது பிடுங்கலாம் என்று அவளைத்தான் வந்து கேட்பார்கள். ஒரு நாற்றைப் பிடுங்கி, அதன் கழுத்தை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்து நாள் சொல்லிவிடுவாள். அதனால்தான் அந்தப் பெயர். இப்போது அவளுடைய சொந்த நாற்றுக்குப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. நாற்பத்தைந்தில் பிடுங்கி நட வேண்டும். இழுத்தடித்தால் ஐம்பது. அதற்கு மேல் போனால் கழுத்து முற்றி, நட்டாலும் காய் பிடிக்காது. நாற்றங்காலுக்குத் தெருக்கோடிக் குழாயிலிருந்து குடத்தில் கொண்டுவந்து ஊற்றிவிடலாம். ஒன்றரை ஏக்கரைக் குடத்தால் நனைக்க முடியாது.

மறுநாளே வாரியத்துக்குப் போனாள்.

மூன்று மாடிக் கட்டடம். நுழைவாயிலில், "விவசாயிகளே வருக" என்று பெரிதாகவும், "மண் ஒட்டிய காலுடன் உள்ளே வராதீர்" என்று அதைவிடச் சற்றுச் சிறிதாகவும் எழுதியிருந்தது. உள்ளே நீளமான மர பெஞ்சுகள். சுவர் நிறைய ஒரு ஏணிப்படம். ஏணியின் உச்சியில் முதல் வகுப்பு: ஆள் வைத்து நடத்தும் பண்ணைகள். அதற்குக் கீழே இரண்டாம் வகுப்பு: குடும்பப் பண்ணைகள். மூன்றாம் வகுப்பு: குத்தகைக்காரர்கள். ஏணி தரையில் ஊன்றிய இடத்தில் நான்காம் வகுப்பு: கைகள்.

பிரிவு அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை.

"குடும்பப் பண்ணைன்னா என்னம்மா? நிலம், தலைவர், உதவும் கைகள். இந்த மூணும் சேர்ந்தாத்தான் குடும்பப் பண்ணை. உங்க பதிவேட்டைப் பாருங்க. தலைவர்: உங்க வீட்டுக்காரர். உதவும் கை எண் ஒண்ணு நீங்க. எண் ரெண்டு உங்க பொண்ணு. இப்போ தலை போயிடுச்சு. மிச்சம் இருக்கறது கைகள். அதனால தற்காலிகமா உங்களை நாலாம் வகுப்புல வெச்சிருக்கோம்."

"சார், நிலம் அப்படியேதான இருக்கு?"

"நிலம் இருக்கும்மா. அது எங்க போகும்?"

"நானும் இருக்கேன். இருபத்திரண்டு வருஷமா நான்தான் நாத்து விடறேன், நடறேன், களை எடுக்கறேன்."

"அதைத்தான நாங்களும் சொல்றோம்! உங்க உழைப்பை வாரியம் ஒருநாளும் மறுக்கலை. அதுக்குத்தான் 'உதவும்'னு ஒரு வார்த்தையே போட்டிருக்கோம். முன்னாடியெல்லாம் வெறும் கைன்னுதான் இருந்தது. அதை மாத்தறதுக்கு நாலு கூட்டம் போட்டோம்."

பதவிக்கு அவளே விண்ணப்பிக்கலாம் என்றும் சொன்னார். யாரும் தடுக்கமாட்டார்கள். வாரியம் ஆண், பெண் பேதம் பார்ப்பதில்லை. தகுதி மட்டும்தான்.

அடுத்த வாரம் பணியாள் ஒருவர் வந்து அவள் வீட்டுக் கதவிலேயே அறிவிப்பை ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போனார். 'இக்குடும்பத்துக்குத் தலைவர் தேவை. குறைந்தபட்ச அனுபவம்: குடும்பத் தலைவராக ஐந்து ஆண்டுகள். உதவும் கையாக இருந்த காலம் அனுபவமாகக் கொள்ளப்படாது.' தெருவில் போகிறவர்கள் நின்று படித்தார்கள். எதிர்வீட்டுக்காரன் தன் மனைவியிடம், நான் போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டு அடி வாங்கியதாகச் செய்தி.

வேறு யாரும் போடவில்லை. விண்ணப்பம் ஒன்றே ஒன்று, அவளுடையது.

நேர்காணலுக்கு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைவர். வலப்பக்கம் பெண் உறுப்பினர் ஒருவர். இடப்பக்கம் ஒரு நிபுணர். எதில் என்று யாரும் சொல்லவில்லை.

"உங்க பண்ணை சந்திக்கற மிகப் பெரிய சவால் எது?" என்று தலைவர் ஆரம்பித்தார்.

"தண்ணி விடமாட்டேங்கறாங்க சார்."

"அது வாரியத்தோட நடவடிக்கை. சவால்னா இயற்கையா வரணும். வேற?"

அவள் யோசித்தாள். நாற்றுக்கு அன்றோடு முப்பது நாள். வேறு சவால் எதுவும் தோன்றவில்லை.

நிபுணர் கேட்டார். "தலைவரா செயல்பட்ட அனுபவம்?"

"போன வருஷம் அவருக்கு மஞ்சள் காமாலை வந்து நாலு மாசம் படுத்த படுக்கையா இருந்தாருங்க. அப்போ எல்லாத்தையும் நான்தான் பார்த்தேன். வித்து, வாங்கி, தண்ணி கட்டி, எல்லாமே."

"அந்த நாலு மாசமும் அவர் உயிரோட இருந்தாரா?"

"இருந்தாருங்க."

"அப்போ தலைவர் அவர்தான். நீங்க உதவியிருக்கீங்க." குறித்துக்கொண்டார்.

பெண் உறுப்பினர் அதுவரை அவளைக் கனிவோடு பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது பேசினார், பேசும்போது கண் கலங்கியது. "உங்களை மாதிரிப் பெண்கள்தான் இந்த நாட்டு விவசாயத்துக்கே முதுகெலும்பு. மாநாட்டுல நான் இதைச் சொல்லும்போதெல்லாம் எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டுவாங்க. முதுகெலும்பைத் தலையில தூக்கி வெச்சா என்ன ஆகும், சொல்லுங்க? அது முதுகுல இருக்கறவரைக்கும்தான் அதுக்கு மரியாதை. உங்க மரியாதைக்காகத்தான் நான் யோசிக்கறேன்."

"எனக்கு மரியாதை வேண்டாம்மா. வியாழக்கிழமை மதகைத் திறந்துவிட்டாப் போதும்."

மூவரும் எழுதிக்கொண்டார்கள்.

நான்கு நாள் கழித்து முடிவு வந்தது. ஒருவர் மட்டுமே கலந்துகொண்ட அந்தத் தேர்வில் நாற்றுக்காரி இரண்டாம் இடம் பெற்றிருந்தாள். முதலிடத்துக்குத் தகுதியானவர் யாரும் இல்லை. மகள் அதை இரண்டு தடவை படித்தாள்.

"அம்மா, நீ யார்கிட்ட தோத்த?"

"தெரியலடி. தண்ணி பத்தி ஏதாவது போட்டிருக்கா பாரு."

போட்டிருந்தது. நிரந்தரத் தலைவர் கிடைக்கும்வரை குடும்பத்தின் நலன் கருதி வாரியமே ஒருவரைப் பொறுப்பில் அமர்த்தும். அதுவரை தற்காலிகமாக இரண்டாம் வகுப்பு.

அவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் சாப்பாட்டுப் பை, கக்கத்தில் கோப்பு. செருப்பை எங்கே விடுவதென்று தெரியாமல் வாசலிலேயே நின்றார். மகள் எட்டிப் பார்த்தாள்.

"யாரு வேணும்?"

"நான்..." அவருக்கே கூச்சமாக இருந்தது. "நான்தான் உங்க குடும்பத் தலைவர்மா. பொறுப்பு."

மகள் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். "அம்மா, தலைவர் வந்திருக்காரு. நம்ம குடும்பத்துக்கு."

வாரியத்தில் தபால் பிரிவு எழுத்தர் அவர். இருபத்தெட்டு வருடமாக உறைகளில் எண் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தவர். தலைவர் பணியிடங்கள் மாவட்டம் முழுக்கக் காலியாகிக்கொண்டே வந்ததால் கூடுதல் பொறுப்பாக இதையும் கொடுத்துவிட்டார்கள். மொத்தம் பதினொரு குடும்பங்கள். இவர்கள் வீட்டுக்குச் செவ்வாய். சொந்தக் குடும்பத்துக்கு எந்த நாள் என்று மகள் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை போகப் பார்ப்பதாகச் சொன்னார்.

உட்காரச் சொன்னார்கள். இருந்தது ஒரு நாற்காலி, இறந்தவனுடையது. அதன் பக்கம் போனவர் அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டார். கோப்பைப் பிரித்தார். தலைவர் வருகையின்போது செய்ய வேண்டியவை அச்சிட்டிருந்தன. வயலைப் பார்வையிடல். உறுப்பினர்களை ஊக்குவித்தல். முடிவெடுத்தல், குறைந்தது ஒன்று.

"ஒரு முடிவு எடுக்கணும்மா. இல்லன்னா வந்ததா கணக்குல வராது." சற்று யோசித்தார். "இன்னிக்கி நாத்துக்குத் தண்ணி ஊத்துங்க."

"காலையிலயே ஊத்திட்டோம் சார்."

"அப்படியா. சரி, ஊத்தினதை நான் அங்கீகரிக்கறேன்." எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு குனிந்த தலையோடு சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க. எனக்கு வெங்காயம் மண்ணுக்கு மேல காய்க்குமா கீழ காய்க்குமான்னுகூடத் தெரியாது."

அவரை எப்படிக் கூப்பிடுவது என்பது ஒரு பிரச்சினையாயிற்று. வாரியத்திலிருந்து அதற்கும் ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. 'அப்பா' என்று அழைத்தால் வாரிசுரிமை கோர இடமாகும். 'மாமா'வுக்கும் அதே சிக்கல். 'அண்ணா' என்றால் பதவியின் கண்ணியம் குறையும். 'சார்' என்றால் குடும்ப உணர்வு பாதிக்கும். ஆகவே 'தலைவரே' என்றழைக்கலாம். மகள் ஒரே ஒரு முறை அப்படி அழைத்துப் பார்த்தாள். அவர் யாரையோ கூப்பிடுகிறாள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

தெருவுக்குச் சுற்றறிக்கை ஏதும் போகவில்லை. அதனால் தெரு தன் இஷ்டத்துக்குப் பேசியது. புருஷன் போய் ஒரு மாதம் முடியவில்லை, அதற்குள் சாப்பாட்டுப் பையோடு ஒருத்தன் வந்துபோகிறான் என்றார்கள். பக்கத்து ஊரில் இருந்த நாற்றுக்காரியின் தங்கை ஆள் விட்டுச் சொன்னாள்: "அக்கா, எங்க வீட்டுல கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்கு. கொஞ்ச நாளைக்கி நீ இந்தப் பக்கம் வராத." அன்று மட்டும் நாற்றுக்காரி குடம் எடுத்துக்கொண்டு நாலு நடை அதிகமாகப் போனாள்.

முறைத் தண்ணீர்ப் படிவத்தில் பொறுப்புத் தலைவர் முதல் செவ்வாயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். வியாழக்கிழமை அதை எடுத்துக்கொண்டு மதகுக்குப் போனாள். மதகுக்காரர் படித்துப் பார்த்தார்.

"கையெழுத்தெல்லாம் சரியா இருக்கு. தலைவர் எங்க?"

"அவர் செவ்வாய்க்கிழமைதான் வருவாரு."

"மதகு திறக்கும்போது தலைவர் நேர்ல நிக்கணும்மா."

"எங்க முறையே வியாழக்கிழமை. அவர் வர்றதே செவ்வாய்க்கிழமை. அப்புறம் எப்படி நிப்பாரு?"

"எனக்கு மட்டும் திறக்கக்கூடாதுன்னு வேண்டுதலா? போன வருஷம் இதே மாதிரி ஒரு அம்மாவுக்குப் பாவம் பார்த்துத் திறந்துவிட்டேன். மூணு மாசம் வீட்டுல உட்கார வெச்சுட்டாங்க. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார். கால்வாயில் தண்ணீர் கரை முட்ட ஓடிக்கொண்டிருந்தது. வடக்குப் பண்ணைக்குப் போகும் தண்ணீர்.

அடுத்த செவ்வாய் பொறுப்புத் தலைவரிடம் சொன்னாள். நாற்றுக்கு நாற்பத்து நான்கு நாள். அவர் நாட்குறிப்பைப் புரட்டினார். வியாழக்கிழமைகளில் அவர் இன்னொரு குடும்பத்தின் தலைவர். அந்த வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல். தலைவர் கையெழுத்துப் போடாமல் மருத்துவமனையில் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள். கோப்பை மூடினார்.

"நான் லீவு போட்டுட்டு வந்துடறேன்மா. அந்தக் குழந்தை படிவத்துல நாளைக்கே கையெழுத்துப் போட்டுடறேன். வியாழக்கிழமை ஒரு நாள். உங்களுக்காக."

சொன்னபடி வந்தார். காலை ஏழு மணிக்கே மதகில் நின்றார், சலவைச் சட்டையோடு. நாற்றுக்காரியும் மகளும் மண்வெட்டியோடு நின்றார்கள். மதகுக்காரர் சாவியைக்கூட எடுத்துவிட்டார். பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவராகக் கேட்டார்.

"சார், நீங்க இன்னிக்கி டியூட்டியா, லீவா?"

அவர் பொய் சொல்லிப் பழகாதவர். "லீவு."

மதகுக்காரர் சாவியைத் திரும்ப இடுப்பில் செருகினார். "லீவுல இருக்கறவர் தலைவர் இல்ல சார். விதி எழுபத்திரண்டு. நீங்க இப்போ வழியில போற ஆளு."

"நான் இங்கதானய்யா நிக்கறேன்! என் மூஞ்சியைப் பாருய்யா!"

"பார்க்கறேன் சார். மூஞ்சி அதேதான். ஆள்தான் வேற."

மகள் மண்வெட்டியைக் கரையில் ஓங்கிக் குத்திவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். நாற்றுக்காரி மட்டும் நின்றுகொண்டிருந்தாள். அந்த மனிதர் கால்வாய்க் கரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுந்திருங்க சார். உங்க மேல தப்பில்ல."

அவர் எழுந்தார். சட்டையைக் கழற்றி மடித்து வரப்பில் வைத்தார். "குடம் எத்தனை இருக்கு?"

"மூணு."

"நானும் எடுக்கறேன்."

அன்று முழுக்க மூன்று பேரும் தெருக்குழாயிலிருந்து வயலுக்கு நடந்தார்கள். அவருக்குக் குடம் தூக்கத் தெரியவில்லை. பாதித் தண்ணீர் காலில் கொட்டியது. மகள் முதலில் சிரித்தாள், பிறகு எப்படிப் பிடிப்பது என்று காட்டிக் கொடுத்தாள். தண்ணீர் ஊற்றிய இடத்தில் நாற்றுக்காரி நட்டுக்கொண்டே போனாள். சாயங்காலம் நான்கு வரிசை. ஒன்றரை ஏக்கரில் அது ஒரு சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை. ஆனாலும் நான்கு வரிசை நிமிர்ந்து நின்றது. கணவன் போன பிறகு அன்றுதான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள். அவரும் வீட்டுக்குள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் குடம் சுமந்துகொண்டிருந்தபோது சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. வாரியத்தின் வகுப்பு மேற்பார்வையாளர். எல்லாக் கோணத்திலிருந்தும் மூன்று படம் எடுத்துக்கொண்டு போனார்.

நாற்றுக்கு ஐம்பத்திரண்டாம் நாள் வாரியத்திலிருந்து அழைப்பு வந்தது. பிரிவு அதிகாரி எழுந்து நின்று வரவேற்றார். மேசையில் அந்தப் படங்கள் இருந்தன.

"வாழ்த்துகள்மா. நீங்க முதல் வகுப்புக்கு உயர்ந்திருக்கீங்க."

நாற்றுக்காரிக்குப் புரியவில்லை.

"படத்துல இருக்கறது யாரு? மாசச் சம்பளம் வாங்கற ஒருத்தர். அவர் எங்க வேலை செய்யறாரு? உங்க வயல்ல. சம்பளம் வாங்கறவர் ஒருத்தரோட வயல்ல வேலை செஞ்சா அதுக்குப் பேரென்ன? ஆள் வைத்து நடத்தும் பண்ணை."

"அய்யோ சார், அவர் மனசு கேக்காம வந்து ரெண்டு குடம் தூக்கினாரு. சம்பளம் நீங்கதான குடுக்கறீங்க!"

"யார் குடுக்கறாங்கன்னு படிவத்துல கேள்வி இல்லம்மா. வாங்கறாரா, இல்லையா? அதுதான் கேள்வி." அவர் ஏணிப்படத்தைக் காட்டினார். முகத்தில் உண்மையான சந்தோஷம். "அஞ்சே வாரத்துல நாலாம் வகுப்புலேர்ந்து முதல் வகுப்பு. வாரியத்தோட வரலாத்துலயே இந்த வேகத்துல யாரும் ஏறினதில்ல. ஆண்டறிக்கையில உங்களுக்குன்னு தனி அத்தியாயமே எழுதியிருக்கேன். உண்மையைச் சொன்னா எங்க மேலயே எங்களுக்கு நம்பிக்கை வந்ததே உங்களாலதான்."

"தண்ணி?"

"முதல் வகுப்புக்குக் கால்வாய்த் தண்ணி கிடையாது. உதவி தேவைப்படறவங்களுக்குத்தான் உதவி. நீங்க இனிமே நாட்டுக்கே உதவி பண்ற இடத்துல இருக்கீங்க. சொந்தமா ஆழ்துளைக் கிணறு போட்டுக்கலாம். அதுக்கு நாங்க குறுக்க நிக்கமாட்டோம்."

"வடக்குப் பண்ணைக்கு எப்படி சார் தண்ணி போகுது? முந்நூறு ஏக்கர். எழுபது பேர் வேலை செய்யறாங்க."

"ஓ, அது பண்ணையே இல்லம்மா. அது நாப்பத்தியொரு குடும்பங்க. அண்ணன், தம்பி, மச்சான், சித்தப்பா, அத்தை பையன், பொறந்து நாலு மாசம் ஆன பேரன். ஒவ்வொருத்தருக்கும் ஏழு ஏக்கர். ஒவ்வொருத்தரும் ஒரு தலைவர். எல்லாம் இரண்டாம் வகுப்பு. ரொம்ப ஒழுங்கா படிவம் குடுப்பாங்க."

"எல்லாருக்கும் ஒரே அடுப்புலதான சார் உலை கொதிக்குது?"

"அடுப்பைப் பத்தி எங்க படிவத்துல இடமில்லம்மா."

"அந்த நாலு மாசக் குழந்தை, மதகு திறக்கும்போது நேர்ல நிக்குதா?"

அதிகாரி முதன்முறையாகக் கொஞ்சம் வருத்தப்பட்டார். "தூக்கிட்டு வர்றாங்கம்மா. அந்த அக்கறைதான் உங்ககிட்ட இல்ல."

பொறுப்புத் தலைவர் என்ன ஆனார் என்று கேட்டாள். பதவியின் தகுதிக்குக் குறைவான வேலை செய்ததற்காகவும், விடுப்பு நாளில் ஒரு குடும்பத்தில் கலந்து பழகியதற்காகவும் விசாரணை நடப்பதாகச் சொன்னார்கள். அந்த வியாழக்கிழமை, முந்தின நாளே போட்ட கையெழுத்து செல்லாது என்று இன்னொரு வீட்டுக் காய்ச்சல்காரக் குழந்தையை மருத்துவமனை வாசலிலிருந்தே திருப்பி அனுப்பியதும் விசாரணையில் வந்தது. குழந்தை என்ன ஆயிற்று என்று அவள் கேட்டாள். அது வேறு பிரிவு என்றார் அதிகாரி.

வரும் வழியில் தபால் பிரிவைத் தாண்டித்தான் வர வேண்டும். அவர் நாற்காலி காலியாக இருந்தது. மேசையில் எண் போடாத உறைகள் குவிந்திருந்தன.

ஐம்பத்தெட்டாம் நாள் நாற்றங்காலில் ஒரு நாற்றைப் பிடுங்கிக் கழுத்தை உருட்டிப் பார்த்தாள். பார்க்கவே தேவையில்லை. மண்ணுக்குள் அடித்தண்டு நெல்லிக்காய் அளவுக்குத் திரண்டு நின்றுவிட்டது. நட்ட நான்கு வரிசையும் ஏற்கெனவே சுருண்டிருந்தது. மகள் வரப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வடக்குப் பண்ணைக்காரர் தானே நேரில் வந்தார். பழைய சைக்கிளில், கசங்கிய சட்டையில். படாடோபம் அவருக்குப் பிடிக்காது. வாசலில் நின்றபடியே பேசினார்.

"கேள்விப்பட்டேன்மா. மனசு கேக்கல. நிலத்தைச் சும்மா போடாத, பாவம் அது. எனக்கு நாப்பத்திரண்டாவதா ஒரு குடும்பம் வரப்போகுது. சின்ன மருமகளுக்கு அடுத்த மாசம் பிரசவம். அந்தக் குழந்தை பேர்ல எழுதிக் குடுத்துடு. தொண்ணூத்தொன்பது வருஷக் குத்தகை. நியாயமா பண்றேன். வேலைக்கு நீயும் வா, பொண்ணையும் கூட்டிட்டு வா. உன் கை ராசியான கைன்னு ஊரே சொல்லுது."

"பொண்ணு படிக்கறா."

"படிக்கட்டுமே. யாரு வேண்டாங்கறா? நடவு முடிஞ்சதும் படிக்கட்டும்."

எழுதிக் கொடுத்தாள். எழுதிக் கொடுக்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருக்கலாம் என்று பிறகு பலர் பல விதமாகச் சொன்னார்கள். அவர்கள் எல்லாருக்கும் வீட்டில் ஒரு தலைவர் இருந்தார்.

இன்னும் பிறக்காத தலைவரின் சார்பில் நிறைமாதச் சின்ன மருமகள் வந்து நிற்க, அடுத்த வியாழக்கிழமை மதகு திறந்தது. தண்ணீர் வாய்க்காலில் நுரையோடு வந்து, வெடித்திருந்த மண்ணில் விழுந்தபோது எழுந்த சத்தம் வீட்டுக்குள்ளேயே கேட்டது. மகள் காதைப் பொத்திக்கொண்டாள். முற்றிப்போன நாற்றுகளைப் பிடுங்கி வரப்பில் எறியச் சொன்னான் பண்ணைக் கண்காணி. வடக்குப் பண்ணையின் நாற்றங்காலிலிருந்து வண்டியில் கட்டுக் கட்டாக இளநாற்று வந்து இறங்கியது. அம்மாவும் மகளும் இன்னும் ஆறு பெண்களும் வரிசையாக இறங்கி நட ஆரம்பித்தார்கள். தெற்கு மூலையில் தண்ணீர் தேங்கும், அங்கே மேடு கட்டிவிட்டு நட வேண்டும் என்று நாற்றுக்காரி சொன்னாள். கண்காணி, உன்னை யார் கேட்டது, கையை ஓட்டு என்றான். ஓட்டினாள்.

பத்து மணிவாக்கில் வாரியத்திலிருந்து கணக்கெடுக்க ஒருவர் வந்தார். புதிதாகச் சேர்ந்தவர். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். நான்காம் வகுப்பினரின் வாழ்வில் வாரியத் திட்டங்கள் ஏற்படுத்திய மாற்றம் குறித்து ஆய்வாம். வரப்போரம் இருந்தவள் நாற்றுக்காரி என்பதால் அவளிடமே தொடங்கினார்.

"வேலை செய்யற இடத்துக்கும் உங்க வீட்டுக்கும் எவ்வளவு தூரம்மா?"

அவள் நிமிராமலே கையைக் காட்டினாள். "வாசப்படி இறங்கினா வயல்."

"அடடே. வீட்டு வாசலிலேயே வேலைவாய்ப்பு." அவர் மகிழ்ச்சியோடு எழுதினார். "கூட வேலை செய்யறது யாரு, பொண்ணா? குடும்பத்தோட வேலை கிடைச்சிருக்கு. ரொம்ப நல்லது. தண்ணி வசதியெல்லாம் இருக்கா?"

"இப்போ இருக்கு."

பக்கத்து வரிசையில் மகளின் கை ஒரு கணம் நின்றது. பிறகு அடுத்த நாற்றை மண்ணில் ஊன்றியது.

"கடைசியா ஒரே ஒரு கேள்விம்மா, உங்களை விட்டுடறேன். இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"இதேதான்."

"எங்க?"

"இங்கதான்."

அவர் படிவத்தைப் பார்த்தார். வயலைப் பார்த்தார். இரண்டு பதிலையும் மனதுக்குள் ஒருமுறை கூட்டிப் பார்த்தார். பிறகு, 'வாழ்வில் ஏற்பட்ட மாற்றம்' என்ற கட்டத்தில் பேனாவை வைத்து, 'மாற்றம் ஏதுமில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.